கேட்பாரற்று நிற்கும் காரில் கை வைக்கும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

டயரில் காற்று இல்லை, கண்ணாடி முழுக்கத் தூசி, வைப்பரில் யாரோ செருகிய நோட்டீஸ் நனைந்து காய்ந்து அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. நம்மிடம் இருக்கும் அதே மாடல். நம் வண்டியில் உடைந்துபோன சைடு மிரர் இதில் முழுசாக இருக்கிறது. "யாரும் கேட்கப் போவதில்லை, எப்படியும் இரும்புக்குத்தானே போகும், எடுத்தால் என்ன?" பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இந்த எண்ணம் ஒருமுறையாவது வந்திருக்கும். எண்ணம் வருவதில் தப்பில்லை. பதிலையும் நாமே சொல்லிக்கொண்டு ஸ்பானரை எடுக்கும்போதுதான் வம்பு ஆரம்பம்.

பெரிய தவறு, மற்ற எல்லாவற்றுக்கும் தாய் என்றே சொல்லலாம், வண்டியின் தோற்றத்தை வைத்து முடிவு செய்வது. கவனிக்க ஆள் இல்லாத வண்டி வேறு, சொந்தக்காரர் இல்லாத வண்டி வேறு. ஒரு பொருள் கைவிடப்பட்டது என்று சட்டம் ஏற்க வேண்டுமானால், அது ரொம்ப நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்பது போதாது, "இனி இது எனக்கு வேண்டாம்" என்று உரிமையாளர் மனதார விட்டிருக்க வேண்டும். அந்த மனதை பானெட்டில் படிந்த தூசியில் படிக்க முடியாது. அவர் மருத்துவமனையில் இருக்கலாம், வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கலாம், இறந்துபோய் வாரிசுகளுக்குள் வழக்கு நடக்கலாம், ரிப்பேருக்குப் பணம் சேரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கலாம். அவரே "போய்த் தொலையட்டும்" என்று விட்டிருந்தாலும் கதை முடியாது. கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கு அதில் உரிமை உண்டு. திருடுபோன வண்டிக்கு இழப்பீடு கொடுத்துவிட்ட காப்பீட்டு நிறுவனம் இருந்தால், பிற்பாடு வண்டி கிடைக்கும்போது அது பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குத்தான் சொந்தம்.

"கைவிட்டது என்று நம்பித்தான் எடுத்தேன்" என்றால் தப்பிக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டத்தின்படி, நியாயமான முயற்சி எடுத்தாலும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஒருவர் உண்மையாகவே நம்பி எடுத்தால் அது நேர்மையற்ற செயல் ஆகாது. 1987இல் அங்கே வந்த ஒரு வழக்கும் காரைப் பற்றியதுதான். பல நாளாக நகராமல், கதவு பூட்டாமல், சாவியோடு நின்ற காரை ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார், கைவிடப்பட்டது என்று நினைத்தேன் என்றார். மேல்முறையீட்டில் அவருக்கான தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. இதைக் கேட்டுவிட்டுக் குஷியாகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: கீழ் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகுதான் மேல்முறையீடே நடந்தது. ஒரு சைடு மிரருக்காக அந்தப் பாதையில் நடக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இந்தியாவில் இன்னொரு கோணமும் உண்டு. கண்டெடுத்த பொருளின் சொந்தக்காரரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் அதைத் தனதாக்கிக்கொண்டால் அதற்கென்றே தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 403, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. வழியில் கிடந்த நாணயத்துக்குச் சொந்தக்காரரைத் தேடுவது கஷ்டம்தான். கார் அப்படியா? தன் முதலாளியின் விலாசத்தை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருள் அது. நம்பர் பிளேட் இல்லாவிட்டாலும் சேசிஸ் நம்பர் இருக்கும். "தேடினேன், கிடைக்கவில்லை" என்று வேறு எந்தப் பொருளுக்குச் சொன்னாலும் காருக்குச் சொல்வது கடினம்.

அடுத்தது, தப்பான ஆளிடம் அனுமதி வாங்குவது. இதில் நல்லவர்களே அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். இடத்துக்காரர் "எடுத்துட்டுப் போப்பா, தொல்லை விட்டது" என்பார். வாட்ச்மேன் தலையாட்டுவார். பக்கத்துக் கடைக்காரர் "அது ரொம்ப நாளா அங்கதான் கிடக்கு" என்பார். ஆனால் இடம் அவருடையது என்பதற்காக அதில் நிற்கும் வண்டி அவருடையது ஆகிவிடாது. பல நாடுகளில் இடத்துக்காரருக்கே கூட நேரடியாக அதை விற்கும் உரிமை கிடையாது. காவல்துறைக்கோ உள்ளாட்சிக்கோ தகவல் கொடுத்து, பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கு நோட்டீஸ் போய், கெடு முடிந்து, அதன் பிறகுதான் ஏலமோ உடைப்போ. சாலையோரத்தில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தும் அதிகாரமும் அரசு அமைப்புகளுக்குத்தான். அந்த நோட்டீஸ் ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு "ஆஹா, அரசாங்கமே கைவிட்டது என்று சொல்லிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. உண்மையில் அந்த ஸ்டிக்கருக்கு அர்த்தம் நேர் எதிர்: உரிமையாளருக்கு இன்னும் அவகாசம் ஓடுகிறது, அது முடிந்தால் வண்டி அதிகாரிகளின் பொறுப்புக்குப் போகும். நடுவில் "யாருக்கும் சொந்தமில்லாத" ஒரு நாள்கூட வருவதில்லை.

அப்புறம் அந்த "சின்னப் பொருள்தானே" என்ற சமாதானம். திருட்டுக்குச் சட்டத்தில் குறைந்தபட்ச எடை கிடையாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், எனக்கு இதில் நெருடுவது வேறு. எடுக்கிற பொருள் சின்னது, விட்டுப்போகிற சேதம் பெரியது. பழைய வண்டியில் கார்புரேட்டரை, அதாவது எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகத்தை மட்டும் ஒருவர் கழற்றிக்கொண்டு போனார் என்று வையுங்கள். நாலு நட்டு, பத்து நிமிட வேலை. கீழே அந்தக் கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருக்கும். ஒரு மழை போதும், எந்த சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதற்குள் தண்ணீர் இறங்கும், பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதுவரை பேட்டரி மாற்றினால் ஓடியிருக்கக்கூடிய எஞ்சின், இனி பிரித்துப் பார்த்தால்தான் ஆச்சு. கார்புரேட்டரின் மதிப்பு என்ன, எஞ்சினின் மதிப்பு என்ன? உள்ளிருக்கும் பொருளுக்காகப் பக்கக் கண்ணாடியை உடைப்பவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், சீட்டும் வயரிங்கும் நனைந்து நாறிப்போகும். அதோடு, ஒரு சக்கரம் போன வண்டியைப் பார்க்கிற அடுத்தவருக்குத் தயக்கமே இருக்காது. முதலில் கழற்றுகிறவர் ஒரு பொருளை மட்டும் எடுப்பதில்லை, மற்றவர்களுக்கு வழியும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

ஆள் குடியிருக்கும் வண்டியைக் கவனிக்காமல் போவதும் நடக்கிறது. ஜன்னலில் துணி, பின்சீட்டில் மூட்டை, டாஷ்போர்டில் தண்ணீர் பாட்டில் என்றால் அது ஒருவேளை யாரோ ஒருவரின் வீடு. வாடகைக்கு வழியில்லாமல் ஓடாத காரில் படுத்து எழுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வெள்ளத்திலும் புயலிலும் விட்டுவிட்டு ஓடிய வண்டிகளும் அப்படித்தான். உயிர் பிழைக்க ஓடியவர் வண்டியை வேண்டாம் என்று விட்டவர் அல்ல.

"எப்படியும் நசுக்கத்தானே போகிறார்கள், நல்ல பார்ட்ஸ் வீணாகப் போகுதே" என்ற வாதத்தை மட்டும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒன்று, நன்றாக ஓடக்கூடிய நிலையில் இரும்புக் குவியலில் போவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் பழைய வண்டிகளைப் பிரிக்கும் முறையான உடைப்பகங்கள் இருப்பதே இந்த வேலைக்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான 2000ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 2015 முதல் வண்டி எடையில் குறைந்தது 85 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும். உடைப்பகத்தில் முதலில் ஆயில், கூலன்ட், பிரேக் திரவம், ஏசி கேஸ் எல்லாம் வடிக்கப்படும், அப்புறம்தான் மற்றது. தெருவில் ரேடியேட்டரைப் பிடுங்குகிறவர் கூலன்ட்டை எங்கே விடுவார்? தரையில்தான். ஏசி குழாயை அறுத்தால் வெளியேறும் ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் வாயு, அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்கக்கூடியது. வீணாகாமல் காப்பாற்றுகிறேன் என்பவர் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான தவறுகளும் இருக்கின்றன. மண் தரையில் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவது, அதுவும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக. அதில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்குத்தான் அத்தனை கிராக்கி. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது, நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் பாதை அது. வண்டி வருஷக்கணக்கில் நின்றாலும் பெரிய பேட்டரி செத்துவிட்டது என்று நம்ப முடியாது. ஏர்பேக்கோ, சாதாரண பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஏர்பேக், சீட் பெல்ட் இரண்டையும் பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டவே மாட்டாதீர்கள், அனுமதியோடு கிடைத்தாலும் சரி. தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணமே, பையை ஊதவைக்க உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஆள் மேல் வீசியதுதான். வெயிலிலும் மழையிலும் கிடந்த காரில் அதே ஆபத்து இருக்கலாம். டயரின் வயதை அறிய, அதன் பக்கத்தில் உள்ள DOT எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) புதிதாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம்.

சேசிஸ் நம்பர் பட்டையைக் கழற்றுவதை "ஞாபகத்துக்கு ஒரு பீஸ்" என்று விளையாட்டாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 17 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளத்தை அழிப்பதும் நீக்குவதும் பல நாடுகளில் தனிக் குற்றம், பார்ட்ஸ் எடுத்ததைவிடக் கடுமையாகக் கேள்வி கேட்பார்கள், ஏனென்றால் திருட்டு வண்டிக்குப் புதுப் பிறவி கொடுக்கிறவர்கள் செய்யும் வேலை அது. பிளேட் இல்லாமல், இக்னிஷன் லாக் உடைந்து, உள்ளே கலைந்து கிடக்கும் வண்டியைப் பார்த்தால் கதவுக் கைப்பிடியைக்கூடத் தொடாதீர்கள். அது ஏதோ ஒரு குற்றத்தின் சாட்சியாக இருக்கலாம், நம் கைரேகை அதில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. போலீசுக்குச் சொல்லிவிட்டு நகருங்கள்.

"நான் கழற்றவில்லை, வாங்கத்தானே செய்தேன்" என்பதும் பாதுகாப்பு இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்கினால் அதுவும் குற்றமாகும். ரசீது தர மறுப்பது, ரொக்கம் மட்டும் கேட்பது, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்லாதது, வெட்டிய வயர் தொங்கும் ஸ்டீரியோ, இதெல்லாம் பிறகு "காரணம் இருந்தது" என்பதற்கு ஆதாரமாகிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய இரும்பு வியாபாரிகள் ரொக்கம் கொடுத்து வாங்கவே கூடாது என்று 2013 சட்டம் தடுத்திருப்பது இந்தப் பாதையை அடைக்கத்தான்.

சரி, அந்த மிரர் வேண்டும்தான், என்ன செய்வது? வைப்பரில் உங்கள் நம்பரோடு ஒரு சீட்டு வையுங்கள், "விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்" என்று. பலர் இதைச் செய்து பார்ப்பதே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், அனுமதிக்காக அல்ல, சொந்தக்காரர் யார் என்று தெரிந்துகொள்ள. அது நடக்காவிட்டால் உள்ளாட்சியிடம் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஏலத்துக்கு வருமா, எந்த உடைப்பகத்துக்குப் போகும் என்று கேட்டு வையுங்கள். உரிமையாளர் கிடைத்துச் சம்மதித்தால் வாய்வார்த்தையோடு விடாதீர்கள். பதிவுச் சான்றில் இருக்கும் பெயரும் அவர் அடையாள அட்டையும் ஒன்றுதானா, கடன் அடைத்தாயிற்றா என்று பாருங்கள். எந்தெந்தப் பாகம், என்ன தேதி, வண்டியின் சேசிஸ் நம்பர் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கழற்றுவதற்கு முன்பும் பின்பும் போட்டோ எடுத்து வையுங்கள். முழு வண்டியையும் "எடுத்துக்கோ" என்று கொடுத்தால், பெயர் மாற்றமோ பதிவு ரத்தோ முடிந்த பிறகு பிரிக்க ஆரம்பியுங்கள். இல்லையென்றால் பாதி பிரித்த, இன்னும் வேறொருவர் பெயரில் இருக்கும் ஒரு காரை உங்கள் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் ஆள் நீங்களாகிவிடுவீர்கள்.