கேம் கண்ட்ரோலரில் பாட்டு மிக்ஸிங்: கைவிரல் ஒத்துழைக்காதவர்களுக்கு ஒரு கருவி செய்வது எப்படி

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் நோம்பியோ கல்யாணமோ மைக் செட் இல்லாமல் நடக்காது. பாதித் தமிழ், பாதி மலையாளம் என்று கூட்டத்தின் நாடி பார்த்துப் பாட்டு போடத் தெரிந்தவருக்கு இங்கே வேலை உண்டு. தென்னை ஏறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவரும், மூளை முடக்குவாதமோ தசைநார்ச் சிதைவோ உள்ளவரும் அந்த வேலைக்கு வர முடியாமல் போனால், அதற்குக் காரணம் அவர்கள் காது அல்ல. மிக்ஸரில் இருக்கும் குட்டிக் குமிழும், தள்ளி ஒலி அளவை மாற்றுகிற, வழுக்கும் ஃபேடரும்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு கேம் கண்ட்ரோலரை வைக்கலாம். அதற்கான வழி இது.

முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்

நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைத்த நேரத்தில் அசைக்க முடிகிற உறுப்பு எது, அது எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு அழுத்தும், அதே அசைவை 20 நிமிடம் செய்தபின் என்ன ஆகிறது. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் அருமையாக ஓடுகிற ஏற்பாடு அரை மணி நேரத்தில் தோளைப் பிடித்துவிடும்.

ஓர் உதாரணம். கழுத்துத் தண்டுவடத்தின் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு) மட்டத்தில் முழுமையாக அடிபட்டவருக்கு விரல் மடங்காது. ஆனால் தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்க முடியும். முழங்கையை நீட்டுகிற வேலை சி7 நரம்பைச் சேர்ந்தது. அதனால் தன்னிடமிருந்து முன்னால் தள்ளுவது அவருக்குச் சிரமம், தன் பக்கம் இழுப்பதும் பக்கவாட்டில் நகர்த்துவதும் எளிது. அவருக்கு ஜாய்ஸ்டிக்கின் இட வல அசைவை மட்டும் பயன்படுத்துங்கள். ஜாய்ஸ்டிக்கின் தலையில் 'யூ' வடிவப் பிடி ஒன்றைப் பொருத்தினால் கை அதற்குள் உட்கார்ந்துகொள்ளும், பிடிக்கவே வேண்டாம். அரை அங்குல பிவிசி குழாயைச் சூடாக்கி வளைத்தாலே போதும், உள்பக்கம் மட்டும் ஸ்பாஞ்ச் ஒட்டிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த தோலில் கூரான விளிம்பு உரசினால் அவருக்கே தெரியாமல் புண்ணாகும்.

தசைநார்ச் சிதைவு உள்ளவருக்குக் கணக்கு நேர் எதிர். துல்லியம் இருக்கும், பலம் இருக்காது. பெரிய ஆர்கேட் பட்டன் அவருக்கு வேண்டாம். நீண்ட நெம்புகோல் வைத்த மைக்ரோ சுவிட்ச் வாங்குங்கள். நெம்புகோல் நீள நீள அழுத்தம் குறைவாகப் போதும்.

கண்ட்ரோலர்

பணம் இருந்தால் 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் நேரான வழி. பின்விளிம்பில் 3.5 மி.மீ. ஜாக் 19 இருக்கின்றன, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யூஎஸ்பி துளையும் உண்டு. ஒவ்வொரு ஜாக்கும் ஒரு பட்டன். சுவிட்சைச் செருகினால் வேலை முடிந்தது, சால்டரிங் இல்லை.

இல்லையென்றால் சாதாரண யூஎஸ்பி கேம்பேட் ஒன்றை எடுத்து அதிலேயே ஜாக் வைக்கலாம். தேவையானவை: வயர் உள்ள கேம்பேட் 1, 3.5 மி.மீ. மோனோ பெண் ஜாக் 4 முதல் 6, 30 கேஜ் மெல்லிய வயர் 2 மீட்டர், மல்டிமீட்டர், கூர்முனை சால்டரிங் இரும்பு, கூரான கத்தி, சூட்டுப் பசை, ஜிப் டை.

ஸ்க்ரூவைக் கழற்றி ரப்பர் விரிப்பைத் தூக்கினால் கீழே பலகையில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு கறுப்புத் திட்டுகள் தெரியும். அது கார்பன், அதில் ஈயம் ஒட்டாது. புதிதாகச் செய்கிறவர்கள் தோற்பது இங்கேதான்: ஒட்டவில்லை என்று இரும்பை அழுத்தி அழுத்தித் திட்டையே உரித்துவிடுவார்கள். திட்டிலிருந்து கிளம்புகிற செப்புப் பாதையைத் தேடுங்கள். அதன்மேல் உள்ள பச்சைப் பூச்சை 2 மி.மீ. நீளத்துக்குக் கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டினால் செம்பு மின்னும். அதில் முதலில் கொஞ்சம் ஈயம் பூசி, வயர் முனையிலும் ஈயம் பூசி, இரண்டையும் ஒரு நொடி சேர்த்துப் பிடியுங்கள். உடனே பசை வைத்து வயரை அங்கேயே அமர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூட்டுப் பசை இளகும், ஆகவே வயர் கூட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் ஜிப் டையும் போடுங்கள்.

சால்டர் செய்வதற்கு முன்னால் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, எல்லாப் பட்டனின் ஒரு பக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் ஒரே பொது வயர் போதும். பல மலிவு கேம்பேடுகளில் அப்படி இருக்காது, பட்டன்கள் வரிசையும் நெடுக்கையுமாகக் கோத்திருக்கும். அங்கே பொது வயர் போட்டால் ஒன்றை அழுத்த மூன்று வேலை செய்யும். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியே இரண்டு வயர் இழுங்கள்.

ஜாக்குக்கு அடர் நிற டேப் சுற்றி, 'சுவிட்ச்' என்று எழுதிவிடுங்கள். ஹெட்ஃபோன் ஜாக்கும் இதே அளவுதான், நோம்பி அவசரத்தில் மாற்றிச் செருகிவிடுவார்கள்.

மென்பொருள்

மிக்ஸ் (பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் வரும்) என்ற டிஜே மென்பொருள் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் கீபோர்டு குறுக்குவிசைகளை இயக்கிவிட்டால், டி (D) முதல் தட்டை, அதாவது முதல் பாட்டை, ஓட்டும், நிறுத்தும். எல் இரண்டாவதுக்கு. ஜி, எச் இரண்டும் கிராஸ்ஃபேடரை (ஒரு பாட்டைக் குறைத்து மற்றதைக் கூட்டும் ஃபேடர்) இடமும் வலமும் நகர்த்தும். ஆன்டிமைக்ரோஎக்ஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் கேம்பேட் பட்டன்களை இந்த விசைகளுக்கு மாற்றிக்கொடுங்கள். ஜி, எச் இரண்டுக்கும் டர்போவைப் போட்டு இடைவெளியை 0.1 நொடியாக வையுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஃபேடர் நகரும், விட்டால் நிற்கும்.

இத்தோடு நிறுத்தினாலும் ஒருவரால் ஒரு மாலை முழுக்கப் பாட்டு போட முடியும். ஆனால் ஃபேடர் படிப்படியாகக் குதிக்கும், அது நகரும் வேகத்தை மாற்ற வராது. அது போதாது என்கிறவருக்கு அடுத்தது.

ஜாய்ஸ்டிக்கை ஃபேடராக்குவது

ஜாய்ஸ்டிக் விட்டதும் நடுவுக்குத் திரும்பும். அதன் இடத்தை அப்படியே கிராஸ்ஃபேடரின் இடமாக இணைத்தால், கை களைத்து விடுகிற ஒவ்வொரு முறையும் ஃபேடர் நடுவுக்கு வந்து இரண்டு பாட்டும் சேர்ந்து அலறும். இந்தத் தவறைச் செய்தால் கருவி மூலையில்தான் கிடக்கும். ஜாய்ஸ்டிக் சொல்ல வேண்டியது இடத்தை அல்ல, வேகத்தை. கொஞ்சம் சாய்த்தால் ஃபேடர் மெதுவாக நகரணும், நன்றாகச் சாய்த்தால் வேகமாக, விட்டால் இருந்த இடத்திலேயே நிற்கணும்.

ப்ரோ மைக்ரோ என்ற சிறு பலகை (32யூ4 சிப் உள்ளது) வாங்குங்கள். இது யூஎஸ்பி மிடி (இசைக் கருவிகள் கணினியோடு பேசும் முறை) கருவியாகவே கணினிக்குத் தெரியும், தனி டிரைவர் வேண்டாம். பழைய கண்ட்ரோலரிலிருந்து கழற்றிய ஜாய்ஸ்டிக்கிலோ கடையில் கிடைக்கும் ஜாய்ஸ்டிக் மாட்யூலிலோ ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒரு முனையை 5 வோல்ட்டுக்கும், மறு முனையை கிரவுண்டுக்கும், நடுக்காலை ஏ0வுக்கும் கொடுங்கள். சுவிட்ச் ஜாக்குகளின் நுனி 2, 3, 4, 5ஆம் பின்களுக்கு, உடல் கிரவுண்டுக்கு. பலகைக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை (அழுத்தாத சுவிட்சின் பின்னை 5 வோல்ட்டில் நிறுத்தும் ரெசிஸ்டர்) நிரலிலேயே இயக்கிவிட்டால் வெளியே ரெசிஸ்டர் தேவையில்லை.

ஆர்டுயினோ என்ற நிரலெழுதும் மென்பொருளில் மிடியூஎஸ்பி லைப்ரரியைச் சேர்த்து எழுத வேண்டிய நிரலின் போக்கு இது. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஏ0வை எட்டு முறை படித்துச் சராசரி எடுங்கள். 0 முதல் 1023 வரை வரும், நடு சுமார் 512. ஆனால் 512 என்று எழுதிவைக்காமல், இயக்கியவுடன் படிக்கும் அளவையே நடுவாகக் கொள்ளுங்கள், எந்த ஜாய்ஸ்டிக்கும் சரியாக 512இல் நிற்காது. நடுவிலிருந்து 60 எண்ணுக்குள் இருந்தால் எதுவும் செய்யாதீர்கள். அதைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு ஏற்ப ஃபேடர் மதிப்பைக் கூட்டியோ குறைத்தோ 0, 127 என்ற எல்லைக்குள் வையுங்கள். மதிப்பைத் தசம எண்ணாக வைத்திருங்கள், முழு எண்ணானால் மெதுவான அசைவு தொலைந்துபோகும். முழுச் சாய்வில் ஒரு சுற்றுக்கு 0.64 கூடினால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் 4 நொடி ஆகும், பாட்டு மாற்ற நல்ல வேகம். முழு எண் மாறும்போது மட்டும் கண்ட்ரோல் எண் 16இல் அனுப்புங்கள்.

பிறகு மிக்ஸில் கண்ட்ரோலர் அமைப்புக்குப் போய், கற்றல் வழிகாட்டியைத் திறந்து, கிராஸ்ஃபேடரைத் தேர்ந்து, ஜாய்ஸ்டிக்கைச் சாயுங்கள். வழிகாட்டி தப்பாகப் பிடித்தால், ஜாய்ஸ்டிக் சும்மா இருக்கும்போதே எண் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 60ஐ 90 ஆக்கிப் பாருங்கள். சாஃப்ட் டேக்ஓவரையும் போடுங்கள், யாராவது மவுஸால் ஃபேடரை நகர்த்திவிட்டால் சத்தம் சட்டென்று குதிக்காது.

நடுக்கம்

சாதாரண சுவிட்சுக்கு, ஓர் அழுத்தம் பலவாகப் பதியாமலிருக்க நிரலில் 30 மில்லிநொடி தடுப்பு போதும். மூளை முடக்குவாதத்தில் கை ஒரே பட்டனில் இரண்டு மூன்று முறை படும். முதல் அழுத்தத்துக்குப் பின் 400 மில்லிநொடிக்கு வேறெதையும் ஏற்காதபடி வையுங்கள். தவறி உரசுவது அதிகமென்றால், 100 மில்லிநொடி தொடர்ந்து அழுத்தினால்தான் ஏற்கும்படி செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும். பட்டன்களுக்கு மேலே துளையிட்ட 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வைத்தால், எதையும் அழுத்தாமல் கையை அதன்மேல் சாய்த்து ஓய்வெடுக்கலாம்.

பொருத்துவது

12 மி.மீ. ப்ளைவுட், 40க்கு 30 செ.மீ., அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. சுவிட்சுகளை வெல்க்ரோவில் ஒட்டுங்கள், முதல் வாரம் தினமும் இடம் மாறும். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் எதையும் நிரந்தரமாகத் திருகாதீர்கள், கட்டிலுக்கு மாறும்போது அந்தக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும்.

ஒலி

இரண்டு வெளியீடு வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒன்று, அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்க ஒன்று. லேப்டாப்பில் ஒன்றுதான் இருக்கும், ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு சேருங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அழுத்தியதற்கும் கேட்பதற்கும் உள்ள தாமதத்தில் தாளம் பிடிக்க முடியாது. மென்பொருளின் பஃபரை (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் அளவு) 23 மில்லிநொடியில் தொடங்குங்கள், சத்தம் வெடித்தால் ஏற்றுங்கள். ஜெனரேட்டரில் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில். லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், எர்த் தொடர்பைப் பிரிக்கும் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள்.

சிங்க் (இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது), குவான்டைஸ் (அழுத்தியதைத் தாளத்தோடு ஒட்டவைப்பது) இரண்டையும் போட்டால் தாளம் ஒட்டிக்கொள்ளும், மெதுவாக அசைபவருக்கு அது பெரிய துணை. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. பாலக்காட்டுப் பக்கம் கட்டாயம் கேட்பார்கள் செண்டை மேளம். செண்டை மேளத்தில் ஒரு வகையான பஞ்சாரி மேளம் ஐந்து காலமாக (கட்டமாக) ஏறும், தாளவட்டம் 96, 48, 24, 12, 6 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று பாதி பாதியாகச் சுருங்கும், வேகமும் கூடிக்கொண்டே இருக்கும். அதைச் சிங்க்கில் போட்டால் அடுத்த பாட்டு தறிகெட்டு ஓடும். சிங்க்கை அணைக்க ஒரு பட்டனைக் கட்டாயம் ஒதுக்குங்கள்.

மென்பொருளே பாட்டு மாற்றும் ஆட்டோ டிஜேயை ஓட விட்டுவிட்டு அவர் கையில் ஒப்புக்கு ஒரு பட்டனைக் கொடுக்காதீர்கள். எந்தப் பாட்டு, எப்போது, எவ்வளவு சத்தம் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை என்றால் இத்தனை சால்டரிங்கும் வீண்.

பார்வையில்லாதவருக்குப் பல டிராக் பதிவை மிக்ஸ் செய்ய ரீப்பர் (ஒலிப்பதிவு மென்பொருள்), ஓசாரா (ரீப்பரைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் துணை நிரல்), என்விடிஏ (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்) மூன்றும் சேர்ந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன மிடி ஜாய்ஸ்டிக்கை ரீப்பரிலும் இணைக்கலாம். பட்டன்களில் மணல்தாள், வெல்வெட், ரப்பர் என்று வெவ்வேறு துண்டு ஒட்டுங்கள். திரைவாசிப்பானின் குரலை இரண்டாவது சவுண்ட் கார்டுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் பந்தல் முழுக்க அது பேசும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கும். ஜாக்குக்குள் பச்சை பூத்தால் சுவிட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும். கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், மாதம் ஒருமுறை ஜாக்கில் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள், ஒரு சுவிட்சும் ஒரு யூஎஸ்பி வயரும் எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.