ஆயிரம் கெஜத்துக்கு முதல் ரைபிள்

அமெரிக்காவில் நெடுந்தூர இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருகிறவர்கள், இருக்கும் பணம் முழுவதையும் ரைபிளிலேயே கொட்டிவிடுகிறார்கள். வேண்டாம்! பாதியைத் தொலைநோக்கிக்கும் தோட்டாவுக்கும் ஒதுக்குங்கள்.

தோட்டா வகையில் 6.5 கிரீட்மோர் போதும். ஹார்னடி நிறுவனம் 2007-இல் இலக்குப் போட்டிகளை மனத்தில் வைத்து உருவாக்கியது இது. பழைய .308 வகைத் தோட்டாவைவிடத் தோளில் உதைப்பது குறைவு. காற்றில் விலகுவதும் குறைவு. குழலின் உட்புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரி, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) எடையுள்ள நீண்ட குண்டு பறக்கும்போது தள்ளாடாமலிருக்க அந்தச் சுழற்சி தேவை. குழல் கனமாக இருந்தால் சீக்கிரம் சூடேறாது.

ரைபிளில் இரண்டைப் பார்க்கலாம். சாவேஜ் 110-இன் விசையை (டிரிகர்) இழுக்க வேண்டிய அழுத்தத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் சற்று விலை கூடுதல். ஆனால் அதன் போல்ட், அதாவது தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் தண்டு, எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும். என் ஓட்டு அதற்குத்தான்.

வாங்கிய பிறகு 100 கெஜத்தில் மூன்று முறை சுட்டுவிட்டுத் துல்லியத்தை முடிவுசெய்யாதீர்கள். பத்து முறையாவது சுடுங்கள். அங்கே குண்டுகள் பட்ட இடங்களின் பரவல் ஓர் அங்குலம் என்றால், 1,000 கெஜத்தில் அது பத்து அங்குலத்துக்குக் குறையாது.