பென்சிலுக்கு முன்னால் இட்லி: பிள்ளைகளின் கை வளர்ச்சியில் நாம் செய்யும் தவறுகள்

மூன்றரை வயதாகியும் ‘அ’ எழுத வரவில்லை என்று கவலைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குழந்தை தன் கையால் சாப்பிடுகிறதா?

கையின் கட்டுப்பாடு தோளில் தொடங்கி முழங்கை, மணிக்கட்டு வழியாக விரல் நுனிக்கு வந்து சேர்கிறது. பிறந்த குழந்தை நம் விரலை இறுகப் பற்றுவது அனிச்சைச் செயல். 6 மாதம் வாக்கில் கிலுகிலுப்பையைக் கை மாற்றிப் பிடிக்கும். 9 முதல் 12 மாதத்துக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடி, தரையில் கிடக்கும் சிறு துணுக்கைக்கூடக் கிள்ளி எடுக்கும். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளோ, பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. அவை கெட்டிப்படப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பதுதான் பெரிய தவறு. 2 வயதில் பிள்ளை கோடு இழுக்கும், 3 வயதில் வட்டம் போடும், 4 வயதில் கூட்டல் குறி. சதுரமும் முக்கோணமும் 5 வயதை ஒட்டித்தான் வரும். ‘அ’வில் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்க்கோடு எல்லாமே இருக்கின்றன! வட்டத்தையே இப்போதுதான் மூடப் பழகும் கையைப் பிடித்து இழுத்து எழுத வைத்தால், பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்தும் பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும். விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுத வைக்கிறோமே, அது அந்த வயதுக்குப் பொருத்தமானது. மறுநாளே கோடு போட்ட நோட்டு வாங்குவதில்தான் பிழை. எழுதத்தான் வேண்டும் என்றால் உடைந்த சாக்பீஸ் துண்டு கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருப்பதால் விரல்கள் தாமாகவே அதைக் கிள்ளிப் பிடிக்கும்.

அடுத்தது ஊட்டிவிடுவது. சட்டை அழுக்காகும், நேரமாகும் என்று நாலு வயதிலும் ஊட்டுகிறோம். இட்லித் துண்டை அழுத்திப் பிடித்தால் நசுங்கும், தளர்த்தினால் விழும். பென்சிலுக்குத் தேவையான அளவான அழுத்தத்தைக் குழந்தை அந்தத் தட்டில்தான் கற்கிறது. சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, துணிக்கு கிளிப் மாட்டுவது எல்லாம் இதே பாடம்தான். செல்போன் திரையைத் தேய்ப்பதில் இந்தப் பாடம் கிடையாது. ஆனால் 4 வயதுக்குள் முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயை அடைக்கும். புளியங்கொட்டை, மணி கோர்க்கும் விளையாட்டுகளில் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை, பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து வயதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

“பீச்சாங்கையால எடுக்காதே” என்று கையைத் தட்டிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எந்தக் கை பழக்கக்கை என்பது பொதுவாக 2 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில் தானாகவே தெளிவாகும். அது இடக்கையானால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, மறு கையை எப்போதும் மடக்கி வைத்திருந்தால் அது பழக்கக்கை ஆகாது. பயன்படுத்தாத கையில் பலவீனம் இருக்கக்கூடும். ஓரிரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.