பத்து மாதம் தங்க வரும் பிள்ளையோடு பல வருஷ உறவு: நெல்லைக் குடும்பங்களுக்கு

பத்து மாதம் யாராலும் விருந்தாளியாக இருக்க முடியாது. வெளிநாட்டுப் பரிமாற்ற மாணவரை வீட்டில் ஏற்கும் குடும்பம் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். கடைசி நாள் வரை விருந்தாளியாக நடத்தப்பட்ட பிள்ளை ஊருக்குப் போய் நன்றி சொல்லி ஒரு மெயில் போடும், அதோடு சரி. வீட்டில் ஓர் ஆளாகத் தண்ணீர் பிடித்து, காய் நறுக்கி, ஆச்சியிடம் ஏச்சும் வாங்கிய பிள்ளைதான் ஆறு வருஷம் கழித்தும் "ஆச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்கும்.

பெரும்பாலும் பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் வந்து பத்து பதினோரு மாதம் தங்குவார்கள். வருவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத ஆரம்பித்துவிடுங்கள். படுக்கப்போகும் அறை, குளியலறையின் வாளி, செம்பு, கழிப்பறை எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணாமல் அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தன் பெயரையும், தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் பேசிப் பதிவு செய்து அனுப்பட்டும். 'ஆன்ட்டி, அங்கிள்' வேண்டாம். அத்தை, மாமா, ஆச்சி, தாத்தா, அண்ணன், மதினி என்று முறை வைத்துக் கொடுங்கள். 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லி நெருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஊரில் அம்மா இருக்கிறார், தானாக வந்தால் வரட்டும்.

காகித வேலையில் தவறக்கூடாதவை இரண்டு. வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலுக்குத்தான் இந்த விதி என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, குடியேற்ற முத்திரை, ஒரு புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கையில் வையுங்கள். இரண்டாவது, 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் மாணவர் பெயரில் வெளிநாட்டினர் பதிவு நடக்க வேண்டும். பாதி வருஷத்தில் வேறு குடும்பத்துக்கு மாறினால் புது வீட்டிலும் பதிவு உண்டு. மருத்துவக் காப்பீட்டு அட்டையும், அவசரச் சிகிச்சைக்குப் பெற்றோர் தரும் சம்மதக் கடிதமும் பிரதியாக உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

முதல் வாரத்தில் சிரமம் கொடுப்பது காரமும் தண்ணீரும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மட்டும் கொடுங்கள், பல் தேய்க்கவும் அதுவே. கடைச் சட்னி, ரோட்டோர ஜூஸின் ஐஸ் எல்லாம் ஒரு மாதம் பொறுக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுசாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடிப்போகும்.

அடுத்தது பரிமாறுவது. நமக்கு 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி வைக்கலாம் என்று அர்த்தம். மூன்று தடவை மறுத்த பிறகுதான் நிஜமாகவே போதும். அவர்கள் 'போதும்' என்றால் முதல் தடவையே போதும். மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளை, நீங்கள் வைக்க வைக்கக் கஷ்டப்பட்டுத் தின்னும், பிறகு சாப்பாட்டு நேரத்தையே பயந்து ஒதுங்கும். இலைக்கு மேலே கையை மறித்துக் காட்டக் கற்றுக்கொடுங்கள். கை மறித்தால் யாரும் வைக்கக்கூடாது என்று வீட்டிலும் சட்டம் போடுங்கள். மறுபக்கமும் உண்டு. "பார்க்கலாம்", "வாரேன் வாரேன்" என்று நாம் சொல்வது பல நேரம் இல்லை என்பதற்குத்தான், அந்தப் பிள்ளை அதை வாக்கு என்று எடுத்துக்கொள்ளும். "ஞாயித்துக்கிழமை குற்றாலம் போலாம்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போகாவிட்டால், அவன் பை கட்டி உட்கார்ந்திருப்பான். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களை முன்கூட்டியே தயார் செய்வது உங்கள் பொறுப்பு. வந்த உடனே "அப்பாவுக்கு என்ன சம்பளம்?" "கல்யாணம் எப்போ?" என்று கேட்பதும், கேட்காமல் செல்ஃபி எடுப்பதும், தோலின் நிறத்தைப் புகழ்வதும் நமக்கு அன்பு, அவர்களுக்குக் கூச்சம். கல்யாண வீட்டில் நாற்பது பேர் படம் எடுக்க வரிசையில் நின்றால் பத்து நிமிஷத்தில் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாவது வாரத்துக்குள் ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மகாராஜ நகர் உழவர் சந்தை இதற்கு அருமையான பள்ளிக்கூடம். துணிப்பை, இருநூறு ரூபாய், தமிழில் எழுதிய ஐந்து காயின் பட்டியல். முதல் இரண்டு தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை கூடப் போகட்டும், பிறகு தனியாக. முற்றின வெண்டைக்காய் வந்தால் வந்துவிட்டுப் போகிறது, அதையும் சமையுங்கள். காம்பு நுனியை ஒடித்துப் பார்க்க அடுத்த வாரம் அவனே கற்றுக்கொள்வான்.

தமிழில் நூறு சொல் சொல்லிக்கொடுப்பதைவிட ஒரே வாக்கியத்தைச் சரியாகக் கற்றுக்கொடுங்கள்: "போயிட்டு வாரேன்." வீட்டை விட்டு இறங்கும்போது "போறேன்" என்று சொல்லக்கூடாது என்பதையும், ஏன் கூடாது என்பதையும் விளக்குங்கள். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் சொல்லிப் பழகிய பிள்ளை, கடைசி நாள் ரயில் படியில் நின்று அதே வார்த்தையைச் சொல்லும்போது அதன் எடை தெரிந்து சொல்லும்.

மனம் சோர்வது பொதுவாக மூன்றாவது மாதத்துக்குப் பிறகு, நெல்லையில் வடகிழக்கு மழை பிடிக்கும் நேரத்தில். கதவைச் சாத்திக்கொள்வதும், ஊருக்கு மணிக்கணக்கில் பேசுவதும் அடையாளம். கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம், கூட நடங்கள். ஜெர்மனிப் பிள்ளை என்றால் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் தேவாலயத்துக்கு டிசம்பரில் கூட்டிப்போங்கள். அதைக் கட்டிய பாதிரியார் ரேனியஸ் ஐயர் ஜெர்மன் பேசும் பிரஷ்யாவில் பிறந்தவர், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1838இல் இங்கேயே மண்ணானவர். தன் பாஷை பேசிய ஒருவர் இதே வெயிலில் பதினெட்டு வருஷம் இருந்தார் என்று கேட்பது எவ்வளவோ ஆறுதலைவிடப் பெரிது.

கிளம்பும் முன் சொதி கற்றுக்கொடுங்கள்

நம் ஊர்ச் சாப்பாட்டில் வெளிநாட்டு அடுப்பில் அப்படியே வரக்கூடியது இந்தத் தேங்காய்ப்பால் குழம்புதான். மிளகாய்ப்பொடியும் புளியும் வேண்டாம், தேங்காய்ப்பால் டின்னில் கிடைக்கும். நாலு பேருக்கு 400 மில்லி டின் ஒன்று. பாதியைக் கெட்டிப்பாலாகத் தனியே வைத்து, மீதியை இரண்டு கப் தண்ணீர் விட்டு நீர்ப்பாலாக்க வேண்டும். அரை கப் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துக் குழைய வேக வைக்கவும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, கிடைத்தால் முருங்கைக்காய் எல்லாவற்றையும் நீர்ப்பாலில் உப்புப் போட்டு வேக விட்டு, கீறிய பச்சை மிளகாயும் ஒரு விரல் கணு அளவு இஞ்சியை நசுக்கியும் சேர்க்கவும். மிளகாய் நமக்கு ஏழு எட்டு, அவர்களுக்கு மூன்று. பருப்பைக் கலந்து, கடைசியில் கெட்டிப்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். கடுகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, சூடு தணிந்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியவும். சூட்டில் பிழிந்தால் கசந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். உங்கள் கை படாமல் அவர்களே மூன்று தடவை செய்திருக்க வேண்டும்.

போன பிறகு முதல் மூன்று மாதம்தான் கண்டம். 'தினமும் பேசுவோம்' என்று ஆரம்பித்தால் பதினைந்து நாளில் நின்றுபோகும். மாதத்தில் ஒரு ஞாயிறு, நம் நேரம் மாலை 7 மணி என்று கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். அப்போது ஜெர்மனியில் கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் காலை 10.30, ஜப்பானில் இரவு 10.30. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். அந்த இரண்டு மாதமும் முன்கூட்டி நினைவுபடுத்தாவிட்டால் ஒருவர் காத்திருந்து கோபித்துக்கொள்வார். இரண்டு வீட்டிலும் அன்றைக்குச் சொதி வைத்துக்கொண்டு பேசினால் என்ன பேசுவது என்ற கவலையே வராது. நடுவில் அரை நிமிஷக் குரல்பதிவு போதும்: தாமிரபரணியில் தண்ணீர் ஏறியது, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது. 'குட் மார்னிங்' பூப்படங்களை மட்டும் அனுப்பாதீர்கள், நாலாவது நாளே அவர்கள் உங்கள் செய்தியைத் திறப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பார்சலில் பத்தமடைப் பாய் நல்லது. நெருக்கமாக நெய்த சின்னப் பாய் சுருட்டினால் குழாய்க்குள் போகும். ஆஸ்திரேலியாவில் கோரை போன்ற செடிப்பொருளைப் பிரித்துச் சோதிப்பார்கள், மண்ணோ விதையோ ஒட்டாமல் துடைத்து அனுப்புங்கள். ஐரோப்பாவுக்கு நெய் பாட்டில் அனுப்ப முடியாது. கருப்பட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காவிட்டால் ஈரம் இழுத்துக் கசிந்து பெட்டியே ஒட்டிக்கொள்ளும். சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று எழுதி உண்மையான விலையைப் போடுங்கள்.

உறவை ஒரே நாளில் அறுப்பது ஒன்று உண்டு: உதவி கேட்பது. "மருமகனுக்கு அங்கே வேலை பார்த்துக் கொடு", "விசாவுக்குக் கடிதம் கொடு", "வரும்போது போன் வாங்கிட்டு வா". பத்தொன்பது வயதுப் பிள்ளையால் செய்ய முடியாது, முடியாது என்று சொல்லவும் வாய் வராது, அதனால் பேச்சையே குறைத்துக்கொள்ளும். தூரத்துச் சொந்தம் யாரும் எண் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐந்தாறு வருஷத்தில் துணையோடோ பெற்றோரோடோ திரும்ப வருவார்கள். பல நாட்டவருக்கு இ-விசா கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் இறங்கினால் நாகர்கோவில் வழியாக ரயிலில் வந்துவிடலாம். அந்த 24 மணி நேரப் பதிவு மறுபடியும் உண்டு. ஓட்டலில் அறை போட்டு வரவேற்க வேண்டாம், பழைய அறையில் கூடுதலாக ஒரு பாயைப் போடுங்கள். மறுநாள் காலையில் துணிப்பையையும் பட்டியலையும் கையில் கொடுத்து உழவர் சந்தைக்கு அனுப்புங்கள். இப்போது இருநூறு பத்தாது, முந்நூறாகக் கொடுங்கள்.