மொட்டை மாடி வெப்பத்தடுப்பும் வீட்டுக் காப்பீடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு, மேல்தளத்து வீட்டில் நாற்காலியில் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் அது இன்னும் சுடும். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில்தான் வீட்டுக்குள் இறக்குகிறது. இதற்குத் தீர்வு தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நீர்க்கசிவுத் தடுப்பையும் வெப்பத்தடுப்பையும் ஒன்றென்று எண்ணுவது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசப்படும் வாட்டர் புரூஃப் பூச்சு தண்ணீரை நிறுத்தும். வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்க அதற்குக் கனம் போதாது. வெள்ளை நிறக் குளிர்கூரைப் பூச்சோ சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும், செலவும் குறைவு. ஆனால் புழுதி படிந்தால் அதன் பலன் இறங்கிவிடும் என்பதால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவவோ மறுபடி அடிக்கவோ வேண்டும்.

பொருளின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது அடுத்த தவறு. கேட்க வேண்டியவை இரண்டு எண்கள்: வெப்பக் கடத்துதிறன், கனம். கடத்துதிறன் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 1.6, செங்கல்லுக்கு 0.7, தெர்மாகோலுக்கு 0.036, எக்ஸ்பிஎஸ் பலகைக்கு (தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட அடர்த்தியான நுரைப் பலகை) 0.033 (மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்பது அளவு). எண் குறையக் குறைய வெப்பத்தடை கூடும். ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை தரும் தடையைக் கான்கிரீட்டிலேயே பெற வேண்டுமானால் இரண்டு மீட்டருக்கு மேல் கனம் வேண்டியிருக்கும். நம் ஊர்க் கொத்தனார்கள் காலங்காலமாகப் போட்டுவந்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு என்ற முறை நல்லதுதான். நீரை வடியவிட்டு வெயிலின் வேகத்தையும் ஓரளவு தணிக்கும். எனினும் மத்திய மின் அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு, கூரை வழியாகச் சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் கூரையில் அந்த அளவு மூன்றைத் தாண்டும். நான்கு அங்குலச் செங்கல் ஜல்லி அதை இரண்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்துமே தவிர, 1.2-க்கு இறக்காது.

எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கூரைக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன் மேல் தெர்மாகோலைப் பரப்பினால் அறை சற்றுக் குளிரும், ஆனால் கான்கிரீட் தளம் வெயிலில் முழுதாகக் காய்ந்துகொண்டுதான் இருக்கும். பத்து மீட்டர் நீளமுள்ள தளம் முப்பது டிகிரி சூடேறினால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீள்கிறது, இரவில் மறுபடி சுருங்குகிறது. கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக ஓடும் விரிசல் பல வீடுகளில் இதனால் வருவதுதான். எக்ஸ்பிஎஸ் பலகையைத் தளத்துக்கு மேலே வைத்து, அதன் மேல் காரையும் ஓடும் பதித்தால் அறையோடு தளமும் காப்பாற்றப்படும். மேலும், தெர்மாகோல் சுமார் நூறு டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மின்கம்பிகள் ஓடும் சீலிங் இடுக்கில் அதை மூடாமல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தீயைத் தாங்க வேண்டிய இடத்தில் ஆயிரம் டிகிரியையும் தாங்கும் ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு (பாறையை உருக்கி இழைத்தது) நல்ல தேர்வு. அது நனைந்தால் பயனிழக்கும் என்பதால், கசிவுள்ள கூரையில் முதலில் கசிவை நிறுத்த வேண்டும்.

மாடியில் கீற்றுக் கொட்டகை போடுவது தமிழ்நாட்டின் பழைய வெப்பத்தடுப்பு. அதன் கீழ் உட்கார்ந்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும். ஓலைக்கூரையில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்து நாம் கற்றோம். காப்பீட்டிலும் இதற்கு விளைவு உண்டு. சுவரோ கூரையோ ஓலை, புல், மூங்கில், தார்ப்பாய் போன்றவற்றால் ஆனதைக் கச்சா கட்டுமானம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் தனியாகப் பிரிக்கின்றன. பாலிசி எடுத்த பிறகு மாடியில் கொட்டகை போட்டுவிட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்தால், தீ பிடித்த பின் இழப்பீடு கேட்கும்போது அதுவே தகராறாகும்.

காப்பீட்டில் பொதுவாக நடக்கும் குழப்பம் வங்கியில் தொடங்குகிறது. வீட்டுக் கடனோடு எடுத்த பாலிசி பெரும்பாலும் கடன் வாங்கியவரின் ஆயுளுக்கான காப்பீடு. அவர் இறந்தால் கடன் அடையும், வெள்ளத்தில் வீடு சேதமானால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. கட்டடத்துக்கான பாலிசி தனியாக இருக்கிறதா என்று தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவடிவப் பாலிசி தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், குழாய் வெடிப்பு முதலியவற்றை ஏற்கிறது. திருட்டை அது தனியாக ஏற்பதில்லை. காப்பீடு பெற்ற விபத்தை ஒட்டி ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். நகைக்கும் விலையுயர்ந்த பொருளுக்கும் தனியே சேர்த்துக் கொள்ள வேண்டும்.

காப்பீட்டுத் தொகை என்பது வீட்டின் விற்பனை விலை அன்று. சென்னையில் எண்பது லட்சத்துக்கு வாங்கிய ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டில் பெரும்பகுதி நிலத்தின் விலை, நிலம் எரிவதில்லை. சதுர அடிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் தொகை இருபத்தைந்து லட்சமே. எண்பது லட்சத்துக்கு எடுப்பவர் பிரீமியத்தை வீணாக்குகிறார். குறைத்து எடுப்பதன் விளைவு வேறு மாதிரி. வழக்கமான தீக்காப்பீட்டில் முப்பது லட்சத்துக்கு எடுக்க வேண்டியதைப் பதினைந்துக்கு எடுத்திருந்தால், நான்கு லட்ச இழப்புக்கு இரண்டு லட்சம்தான் கிடைக்கும். இதைச் சராசரி விதி என்பார்கள். கிருஹ ரக்ஷாவில் இந்த விதி கைவிடப்பட்டுள்ளது. ஆனாலும் வீடு முழுதும் அழிந்தால், எழுதிய தொகைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வீட்டுச் சாமான்களுக்கு, விவரம் எதுவும் தராமலேயே, கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் வரை தானாகச் சேரும்.

மொட்டை மாடிக்காரர்கள் மறக்கக் கூடாத சொல் தேய்மானம். தண்ணீர்த் தொட்டிக் குழாய் திடீரென வெடித்துச் சுவர் நனைந்தால் இழப்பீடு உண்டு; தட்டோட்டின் இடுக்கில் மூன்று மழைக்காலங்களாகக் கசிந்து கூரையில் கம்பி துருப்பிடித்தால் அது பராமரிப்புக் குறைவு, பாலிசியின் கணக்கில் வராது. இரண்டையும் பிரித்துச் சொல்வது, இழப்பை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயரின் வேலை. அவருக்கு உதவுவது உங்களிடம் இருக்கும் பதிவு மட்டுமே. பலகையை விரித்து முடித்து, காரை போடும் முன் தளத்தை நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுத்து, ரசீதோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஓடு பதித்த பிறகு அடியில் என்ன பொருள், எவ்வளவு கனம் என்று உடைத்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது.