அப்பாவின் யூனிட்டில் நாலு வருடம்: எம்பிஏ பின்னணிச் சரிபார்ப்பில் இதை எப்படிக் காட்டுவது?

அமெரிக்க பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைத்து முன்பணமும் கட்டியபின் இன்னொரு மெயில் வரும். ரீ வேரா மாதிரி பின்னணி விசாரிக்கும் வெளி நிறுவனம் ஒன்றின் லிங்க், உள்ளே ஒரு சம்மதப் படிவம். அதில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள் படித்த கல்லூரி, வேலை பார்த்த இடம், பரிந்துரை எழுதியவர் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். பெரிய ஐடி கம்பெனியில் இருந்தவருக்கு எச்ஆரிடமிருந்து ஒரு பதில் போதும். திருப்பூரில் அப்பாவின் நிட்டிங் யூனிட்டைக் கவனித்தவர், மூடிப்போன ஸ்டார்ட்அப்பை நடத்தியவர், ஃப்ரீலான்ஸ் செய்தவர், சினிமாவில் உதவி இயக்குநராக இருந்தவர், இவர்களுக்குத்தான் அந்த மெயிலுக்குப் பிறகு தூக்கம் போகிறது.

விசாரிப்பவருக்கு உங்கள் கட்டுரையின் அழகில் அக்கறை கிடையாது. சேர்ந்த மாதம், விட்ட மாதம், பதவி, சம்பளம், பரிந்துரையை எழுதியது அவர்தானா, இவ்வளவுதான். நீங்களோ உங்கள் வீட்டாரோ அல்லாத ஒருவர், அல்லது நீங்கள் தயாரிக்காத ஒரு தாள், இவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு ஆதாரம் தேடாதீர்கள். ஆதாரத்தை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை மட்டும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

குடும்பத் தொழில்

முதலில் அந்தத் தொழில் எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

பிரைவேட் லிமிடெட் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. நீங்கள் டைரக்டர் என்றால் எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பெயர், டின் எனும் டைரக்டர் அடையாள எண், நியமனத் தேதி எல்லாம் இருக்கும். பார்ட்னர்ஷிப்பில் ஒப்பந்தப் பத்திரத்தில் உங்கள் பெயர் சேர்ந்த தேதிதான் உங்கள் சேர்ந்த தேதி. பார்ட்னருக்குத் தரும் ஊதியம் வரிக் கணக்கில் சம்பளமாக அல்ல, தொழில் வருமானமாகவே வரும். அதனால் சம்பளக்காரர்களுக்கு முதலாளி தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16 இருக்காது. இதை விண்ணப்பத்தின் 'கூடுதல் தகவல்' பகுதியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டால் பின்னால் யாரும் அதைக் கேட்டு மெயில் அனுப்ப மாட்டார்கள்.

சிக்கல் அப்பா மட்டுமே உரிமையாளராக இருக்கும் புரொப்ரைட்டர்ஷிப்பில்தான். ஜிஎஸ்டி சான்று, உத்யம் எனும் சிறு தொழில் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாமே அவர் பெயரில். உங்கள் பெயர் எங்குமே இல்லை. மாதாமாதம் வங்கி வழியாகச் சம்பளம் வந்து, நீங்கள் தனியாக வருமான வரி ரிட்டர்ன் போட்டிருந்தால் நல்லது. ரொக்கமாக வாங்கியிருந்தால் வேறு தடயங்களைச் சேர்க்க வேண்டும்: ஜிஎஸ்டி கணக்கில் ஆதரைஸ்ட் சிக்னேட்டரியாக (கையெழுத்திடும் உரிமை பெற்றவராக) உங்கள் பெயர், துணி வாங்கித் தரும் பையிங் ஹவுஸில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரோடு நடந்த மெயில்கள், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து, மெஷின் சப்ளையரின் கொட்டேஷனில் உங்கள் பெயர். ஒரு வருடத்துக்கு நாலைந்து இருந்தாலே போதும், ஆனால் ஆரம்ப மாதத்திலும் கடைசி மாதத்திலும் தலா ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த மாதமே சம்பளத்தை வங்கி வழியாக மாற்றிவிடுங்கள்.

பழைய தேதி போட்டு நியமனக் கடிதம் அடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய முட்டாள்தனம். 2019 தேதியிட்ட கடிதம், அச்சடித்த லெட்டர்ஹெட்டின் அடியில் உத்யம் எண். உத்யம் பதிவு தொடங்கியதே 2020 ஜூலை 1-ல். அந்த ஒரு வரி போதும், மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கடிதம் வேண்டுமென்றால் இன்றைய தேதியிலேயே வாங்குங்கள்: 'இன்னார் இந்த மாதம் முதல் இன்றுவரை இந்தப் பொறுப்பில் இருக்கிறார்' என்று எழுதினால் அதில் தவறே இல்லை.

பரிந்துரைக்கு அப்பா, சித்தப்பா, மாமா யாரும் வேண்டாம். குடும்பப் பெயர் வேறாக இருந்தாலும் வேண்டாம். உங்களோடு விலை பேசிய மெர்ச்சண்டைசர், கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர், கடன் கொடுத்த வங்கியின் மேலாளர், இவர்களில் உங்களை வேலையில் நேரில் பார்த்தவர் யாரோ அவர். ஜிமெயிலைவிட நிறுவன மெயில் முகவரி மேல். 'நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று போனில் கேட்டால் அவர் திணறுவார், இடம் போவது உங்களுக்கு.

ஃப்ரீலான்ஸ்

இந்திய வாடிக்கையாளர் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் டிடிஎஸ் (பணம் தரும்போதே வரி) பிடித்திருந்தால், அவர் பெயரும் தொகையும் வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் இருக்கும். நீங்கள் தயாரிக்காத தாள் என்பதால் இதைவிட வலுவான ஆதாரம் ஃப்ரீலான்ஸருக்கு இல்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியிடம் அந்நியச் செலாவணி வரவுச் சான்று கேட்டு வாங்குங்கள். அனுப்பியவர், தேதி, காரணம் மூன்றும் அதில் இருக்கும்.

பலர் மாட்டுவது 44ஏடிஏ-வில். 1961 வருமான வரிச் சட்டத்தின் இந்தப் பிரிவில், சில குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினாலே போதும் என்றிருந்தது. 18 லட்சம் வரவு வந்தவரின் ரிட்டர்னில் வருமானமாக 9 லட்சம்தான் இருக்கும். விண்ணப்பத்தில் 18 என்று எழுதி, ஆதாரமாக அந்த ரிட்டர்னை வைத்தால், படிப்பவருக்கு நீங்கள் இரண்டு மடங்கு ஏற்றிச் சொன்னதாகத்தான் படும். மொத்த வரவு, செலவு போக மிச்சம் என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மூடிய ஸ்டார்ட்அப், சினிமா, விவசாயம்

கம்பெனி மூடிவிட்டதால் சான்று போய்விடாது. பதிவிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனியும் எம்சிஏ தளத்தில் 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்ற நிலையோடு இருக்கும், தொடங்கிய தேதியோடு. பதிவே செய்யாமல் இரண்டு பேர் நடத்தியது என்றால் டொமைன் வாங்கிய ரசீது, பேமென்ட் கேட்வேயிலிருந்து வந்த செட்டில்மென்ட், காசு கொடுத்த ஒரு வாடிக்கையாளரின் கடிதம். இரண்டு பேர் கம்பெனியில் சிஇஓ என்று போட்டுக்கொள்ள வேண்டாம், 'இணை நிறுவனர்' போதும்.

உதவி இயக்குநருக்குப் பேட்டா ரொக்கத்தில்தான் வந்திருக்கும். டைட்டில் கார்டில் பெயர், சங்க உறுப்பினர் அட்டை, தயாரிப்பு நிர்வாகியின் கடிதம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். சம்பளக் கட்டத்தில் கூச்சப்படாமல் உண்மையான சிறு தொகையை எழுதுங்கள். விவசாயம் பார்த்தவருக்குப் பட்டா தாத்தா பெயரில் இருக்கும், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் இருக்கும், உங்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. உங்கள் பெயரைச் சொல்வது கொள்முதல் செய்த வியாபாரியின் ரசீதும், உறுப்பினராக இருந்தால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பதிவேடும்தான்.

பெயரும் போனும்

நம் ஊர் இனிஷியல் பழக்கம் வெளியே புரியாது. மார்க் ஷீட்டில் 'செந்தில் கு', பாஸ்போர்ட்டில் 'செந்தில் குமாரசாமி', பான் அட்டையில் 'கு செந்தில்'. மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் எடுத்து முதலிலேயே பதிவேற்றுங்கள்.

போனை யார் எடுப்பார் என்பதையும் யோசியுங்கள். வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வரும், ட்ரூகாலர் ஸ்பாம் என்று காட்டும், கணக்குப்பிள்ளை எடுத்து பாஸ்போர்ட் பெயரைக் கேட்டதும் 'அப்படி யாரும் இங்க இல்லீங்க' என்று வைத்துவிடுவார். அவருக்கு நீங்கள் வெறும் 'தம்பி', அல்லது 'சின்னவர்'. யூனிட்டில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒருவரின் நேரடி எண்ணைக் கொடுங்கள். உங்கள் முழுப் பெயர், சேர்ந்த மாதம், பதவி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் மேஜையில் ஒட்டுங்கள். பொய் சொல்லச் சொல்லிக் கொடுப்பதல்ல இது. அவருக்குத் தெரிந்த உண்மையை உங்கள் பாஸ்போர்ட் பெயரோடு இணைத்து வைப்பது.

விண்ணப்பம் அனுப்பியபின் தவறு கண்ணில் பட்டால்? 2021 மார்ச் என்று எழுதியது உண்மையில் ஜூன் என்றால், விசாரணை அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அட்மிஷன் அலுவலகத்துக்கு அன்றே மெயில் எழுதுங்கள்: எது தவறு, எது சரி, ஆதாரம் இணைப்பில். காரணத்தை நீட்டாதீர்கள், மூன்று வரி போதும். நீங்களே முந்திச் சொன்ன மூன்று மாதத் தவறு பெரும்பாலும் திருத்தமாகப் பதிவாகும். அதையே அவர்கள் கண்டுபிடித்தால் அனுமதியை ரத்து செய்யலாமா என்ற பேச்சு ஆரம்பிக்கும், படிப்பு தொடங்கிய பின்னும்கூட.