பழைய எச்ஓ (HO) அளவு மாடல் ரயில் இன்ஜின் டக் டக்னு குதிச்சு ஓடுதா?

மோட்டாரை மாத்த கிளம்பிடாதீங்க, முதல்ல சக்கர அச்சு நடுவுல இருக்கற சின்ன பிளாஸ்டிக் கியரை லென்ஸ் வச்சு பாருங்க, வருஷக்கணக்கா அச்சுல இறுக்கமா மாட்டியிருந்ததால ரெண்டு பல்லுக்கு நடுவுல முடி மாதிரி விரிசல் விட்டிருக்கும், அந்த இடத்துல பல் இடைவெளி கூடிடறதால ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குதி. சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீங்க, அந்த வழுவழு பிளாஸ்டிக்ல பசை நிக்கவே நிக்காது, அதே பல் எண்ணிக்கையில புது கியர்தான் போடணும். மாட்டினதும் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய கேஜ் (அளவு பாக்குற கருவி) வச்சு கட்டாயம் செக் பண்ணுங்க, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 16.5 மி.மீ.தான், கொஞ்சம் தப்பினாலும் பாயின்ட்ல, அதாவது தண்டவாளம் பிரியற இடத்துல, தடம் புரளும். கியருக்கு பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸ் துளியூண்டு. மோட்டார் பேரிங்குக்கு ஊசி முனையில ஒரு சொட்டு எண்ணெய் போதும், கம்யூடேட்டர்ல (மோட்டார்ல பிரஷ் உரசற செம்பு உருளை) மட்டும் எண்ணெய் படவே கூடாது.